45 வயதில் அலமாரியைக் கவிழ்த்தேன்: ஓர் ஆடை ஆலோசனைச் சேவையும் நைந்த ஏழு காலர்களும்

மகள் கைப்பேசியில் என்னுடைய இரண்டு போட்டோக்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். ஒன்றில் அவள் ஒன்றரை வயதுக் குழந்தை, என் தோளில் தூங்குகிறாள். இன்னொன்றில் என் காது உயரத்துக்கு வளர்ந்து பக்கத்தில் நிற்கிறாள். "அப்பா, இந்தச் சட்டையை இன்னுமா தூக்கிப் போடல?" என்று கேட்டாள். அது அதே சட்டை இல்லை, அதே மாதிரி நீலக் கட்டம் போட்ட நான்காவது சட்டை என்று விளக்கினேன். விளக்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த வாரமே, வீட்டுக்கு வந்து துணி அலமாரியைச் சரிசெய்து தரும் சேவை ஒன்றில் பதிவு செய்தேன். ஆலோசகர் ஒருவர் நான்கு முறை வருவார். முதல் நாள் அலமாரியைக் காலி செய்து அளவெடுப்பது, இரண்டாம் நாள் நிறம் பார்ப்பது, மூன்றாம் நாள் என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல், நான்காம் நாள் ஆல்ட்டர் செய்த துணிகளைப் போட்டுப் பார்ப்பது. கட்டணம் முழுவதையும் முன்னாலேயே கட்ட வேண்டும். இதெல்லாம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. துணி விஷயத்தில் ஒன்பது மாதம் கழித்து எழுதும் விமர்சனத்துக்குத்தான் மதிப்பு. வாங்கிய அன்று எல்லாச் சட்டையும் நல்ல சட்டைதான்.

சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் திட்டவும் போகிறேன், என் ஒருவனின் அனுபவத்துக்காக யார் பிழைப்பிலும் மண் விழ வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: முதல் நாளுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். இரண்டாம் நாள் வேடிக்கை. மூன்றாம் நாள் தண்டம். நான்காம் நாள் ஒரு நல்ல பேன்ட்டைப் பறிகொடுத்தேன்.

முதலில் முதல் நாள்.

வந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பெட்டி நிறைய இதழ்களும் படங்களும் கொண்டுவந்து, "உங்கள் ஸ்டைல் என்ன?" என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன், "எளிமையாக, நேர்த்தியாக" என்று. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டச் சொன்னார். சட்டையும் டி-ஷர்ட்டுமாக 61, பேன்ட் 17. ஒவ்வொரு சட்டையாக எடுத்து, காலரின் மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே போனார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எது பிடிக்கும்னு கேட்டா எல்லாரும் யோசிச்சுப் பதில் சொல்றாங்க சார். காலர் யோசிக்காது."

சட்டையில் முதலில் தேய்வது காலர் மடிப்புதான். பின்கழுத்தில் வியர்வையும் தோலும் உரசும். முன்பக்கம் தாடையின் முள்முடி அரம் மாதிரி வேலை செய்யும். மடிப்பின் விளிம்பில் துணி எப்போதும் வளைந்தே இருப்பதால், இழைகள் அங்கேதான் முதலில் அறும். ஆகவே காலர் நைந்த சட்டை என்றால் நிறையப் போட்ட சட்டை. காலையில் அரைத் தூக்கத்தில் அலமாரியைத் திறந்ததும் கை தானாகப் போகும் சட்டை. 61 உருப்படிகளில் அப்படி நைந்தவை ஏழு. அந்த ஏழையும் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனார். வேண்டுமென்றே போனார் என்று நினைக்கிறேன்.

ஏழிலும் ஒரு கட்டம் கிடையாது, ஒரு கோடு கிடையாது. எல்லாம் பிளெயின். கரும்பச்சை இரண்டு, கரி நிறம் ஒன்று, துரு நிறம் ஒன்று, மற்றவை அடர்நீலம். எதிலும் பளபளப்பு இல்லை. கையில் எடுத்தால் கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் கனம். பருத்தியும் லினனும் கலந்து நெய்த அந்தக் கரும்பச்சைச் சட்டைக்குப் பதினோரு வயது. பின்கழுத்தில் காலர் மடிப்பு முழுக்க வெள்ளை நூலாகப் பிரிந்து, உள்ளே வைத்து ஒட்டிய கான்வாஸ் எட்டிப் பார்த்தது. வலது கையில் முழங்கை வைக்கும் இடம் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அதைப் போன வாரம்கூடப் போட்டிருந்தேன்.

இன்னொரு பக்கம் அந்த நான்கு நீலக் கட்டம். அவற்றைத் தேடி எடுத்து அளவு வாரியாக அடுக்கியது நான்தான். 38, 40, 42, 44. ஒவ்வொன்றும் பொத்தான் பிதுங்கத் தொடங்கியதும் அடுத்த அளவில் அதையே வாங்கியிருக்கிறேன். மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் மாதிரி, என் வயிற்றின் வரலாறு கட்டிலில் கிடந்தது. நான்கின் காலரும் புத்தம் புதிது. விசேஷத்துக்கு, மீட்டிங்குக்கு, போட்டோவுக்கு என்று எடுத்து வைத்த "நல்ல சட்டை" அது. தினமும் நான் உடுத்துவது ஒன்று, போட்டோவில் இருப்பது வேறொன்று. மகள் பார்த்தது போட்டோவில் இருந்தவனை.

எனக்கென்று ஒரு ரசனை இருந்திருக்கிறது, பதினோரு வருடமாக, எனக்கே தெரியாமல். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆளை வரவழைத்துக் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வெட்கம்தான். நீங்கள் வெளிச்சத்தில் காலரைப் பிடித்துப் பார்த்தால் இலவசம். டி-ஷர்ட் மட்டும் போடுகிறவர்கள் கழுத்துப் பட்டி தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பேன்ட் என்றால் பைக்குள் கை நுழையும் ஓரம், தொடையின் உள்பக்கம்.

அப்புறம் இஞ்ச் டேப். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

என் இடுப்பு 34 என்று எட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் 34 கேட்பேன், 34 கொடுப்பார்கள், பொத்தான் மாட்டும். அவர் என் பேன்ட் ஒன்றை மேசையில் விரித்து, இடுப்புப் பட்டியைச் சமமாக இழுத்து அளந்தார். பதினெட்டே கால் அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து முப்பத்தாறரை. லேபிளில் 34. வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன எண்ணைப் போடுவது ஆயத்த ஆடைத் தொழிலில் பழைய பழக்கம். அதனால் ஒரு கம்பெனியின் 34 இன்னொரு கம்பெனியின் 36 ஆக இருக்கும். கால்சட்டை வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், வீட்டில் சரியாக இருக்கும் ஒரு பேன்ட்டின் பட்டியை அளந்து அந்த அங்குலத்தோடு கடைக்குப் போங்கள் என்றார். செய்து பார்த்தேன். போட்டுப் பார்க்கும் அறைக்குப் போகும் எண்ணிக்கை பாதியாகிவிட்டது.

அடுத்தது இன்னும் கசப்பு. டேப்பை வயிற்றுக்குக் கீழே, நான் பேன்ட் கட்டும் இடத்தில் வைத்தபோது முப்பத்தாறரை. தொப்புள் மட்டத்தில் வைத்தபோது 39. வயிறு வளர வளர நான் பெரிய பேன்ட்டுக்குப் போகவில்லை, பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். பெல்ட் பக்கிள் முன்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அதுதான் அடையாளம் என்றார். குனிந்து பார்த்தேன். சாய்ந்திருந்தது.

இதில் ரைஸ் என்று ஒரு சங்கதி இருக்கிறது. கவட்டைத் தையல் கூடும் இடத்திலிருந்து முன்பக்கம் இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள அளவு. 2000 வாக்கில் இளைஞனாக இருந்தவர்களுக்கு ரைஸ் குறைந்த, இடுப்பெலும்பில் நிற்கும் பேன்ட்தான் பேன்ட். எனக்கும் அப்படித்தான். தட்டையான வயிறு இருந்தவரை அது சரி. இப்போது அந்த வெட்டு வயிற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்துக் காட்டுகிறது. உட்கார்ந்தால் பின்னால் சட்டை வெளியே வருகிறது, எழுந்தால் பேன்ட்டை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. ரைஸ் ஒன்றரை அங்குலம் கூடுதலாக, இடுப்பு 38 ஆக ஒரு பேன்ட்டை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தார். தாத்தா பேன்ட் என்று முனகிக்கொண்டே போட்டேன். கண்ணாடியில் கால் நீளமாகத் தெரிந்தது. வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசாத மாதிரி இருந்தது. அன்று முழுக்க ஒருமுறைகூட பேன்ட்டை மேலே இழுக்கவில்லை.

நான் எப்படி இவ்வளவு நாள் ஏமாந்தேன் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. என் 17 பேன்ட்களில் பன்னிரண்டு இழுவைத் துணி. லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் "எலாஸ்டேன் 2%" என்று போட்டிருக்கும். டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958 இல் கண்டுபிடித்த இழை அது. ஸ்பான்டெக்ஸ் என்பதும் அதேதான். நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே துணி உடம்போடு நீண்டு கொடுக்கும். உட்கார எழச் சுகம், மறுப்பதற்கில்லை. ஆனால் நீண்டு கொடுக்கும் துணி உண்மையைச் சொல்லாது. ஐந்து கிலோ ஏறியதைப் பழைய பருத்தி பேன்ட் முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கும். இது இரண்டு வருடம் மூடி மறைத்தது. அந்த இழைக்குச் சூடும் குளோரினும் ஆகாது. டிரையரில் போட்டுப் போட்டு எடுத்தால் இழை செத்து, முட்டியில் பை மாதிரி தொங்கும். என்னுடையதில் ஆறு அப்படித் தொங்கிக்கொண்டிருந்தன.

சட்டைக்கும் ஒரு பாடம். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும் என்பது எல்லாரும் சொல்வதுதான். என் 44 அளவுச் சட்டையில் அது புஜத்தில் விழுந்திருந்தது. வயிற்றுக்காக அளவு கூட்டினேன், தோளும் கழுத்தும் கூடவே கூடிவிட்டன. தோள் வளரவில்லையே. அதோடு, இருபது வருடம் கணினி முன்னால் உட்கார்ந்ததில் தலை முன்னுக்கு வந்து, தோள் முன்பக்கம் சுருண்டுவிட்டது. அதனால் பின்கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இடைவெளி, முதுகில் இழுப்பு, சட்டையின் பின்விளிம்பு மேலே ஏறல். அளவைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. தோளுக்குச் சரியான அளவை எடுத்து, வயிற்றுப் பக்கம் தாராளமாக நேராக வெட்டிய சட்டையாகப் பார்க்க வேண்டும். அப்படித் தேடினால் எனக்கு 42. நேரான வெட்டில் 42 வாங்கியதும் மனைவி, "இளைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். ஒரு கிலோகூடக் குறையவில்லை.

முதல் நாள் முடிந்து அவர் போனபோது கட்டிலில் 40 உருப்படிகள் போக வேண்டிய குவியலில் இருந்தன. அவர் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பரிசாக வந்த சட்டைகளை என்னால் தர முடியவில்லை என்றதும், "அப்ப அதைத் தனிப் பெட்டியில வைங்க, அலமாரியில வேண்டாம்" என்றார். நல்ல யோசனை. பெட்டியை இதுவரை திறக்கவில்லை.

இனி இரண்டாம் நாள். நிறம்.

ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, நரைத்த பகுதியை மறைக்காமல் தலையை வாரச் சொல்லி, முகவாய்க்குக் கீழே ஒவ்வொரு நிறத் துணியாக வைத்து எடுத்தார். நீங்கள் "இலையுதிர் காலம்" என்றார் கடைசியில். மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் இந்த முறை 1980களில் பெரிய மோகமாகப் பரவியது. பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த யோகானஸ் இட்டனின் வண்ணப் பாடங்களில் இதற்கு வேர் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. என் ஏழு நைந்த சட்டைகளைப் பார்த்த பிறகு "உங்களுக்குத் துரு நிறமும் கரும்பச்சையும் பொருந்தும்" என்று சொல்ல ஒரு பருவம் எதற்கு?

ஆனாலும் துணி மாறும்போது முகம் மாறித் தெரிவது நிஜம். கண்முன் நடந்தது. பளீர் வெள்ளையை வைத்ததும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் இன்னும் கறுத்தது. இது பழைய கண்டுபிடிப்பு. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. நூலை ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் கோளாறே இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை மங்கலாக்கியிருந்தன. அதை வைத்து 1839 இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது காலர், அதனால் காலரின் நிறம் முகத்தின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. இவ்வளவுதான் விஷயம். தலைமுடி கறுப்பாக இருந்தபோது கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஈடுகொடுத்த முகம், நரை கலந்த பிறகு இடைப்பட்ட நிறங்களோடு சமாதானமாகப் போகிறது. தெரிந்துகொள்ள ஒரு ஜன்னலும் நான்கு சட்டையும் போதும்.

இரண்டாம் நாளில் உருப்படியாகக் கிடைத்த ஒன்று: கடை விளக்கில் நிறத்தை முடிவு செய்யாதே. ஒரு விளக்கின் கீழ் ஜோடி சேரும் இரண்டு துணிகள் வெயிலில் தனித்தனி நிறமாகத் தெரியலாம். வெவ்வேறு சாயம், வெவ்வேறு வெளிச்சம். வயதாக ஆக கண்ணில் இருக்கும் லென்ஸும் மஞ்சளித்து, நீலத்தைப் பிரித்தறியும் திறன் மெல்லக் குறையும். கறுப்பு என்று நம்பி நான் மூன்று ஜோடி அடர்நீலக் காலுறை வைத்திருந்தேன். மகள்தான் பிரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 22 பொருள்களின் பட்டியல். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஸ்னீக்கர், கடற்படை நீல பிளேசர், சாம்பல் பேன்ட், பழுப்பு பெல்ட் என்று போகிறது. குறைந்த உருப்படிகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் போடும் கேப்சூல் அலமாரி என்ற எண்ணத்தை 1970களில் லண்டனில் கடை வைத்திருந்த சூசி ஃபோ (Susie Faux) பரப்பினார். 1985 இல் டோனா கரன் ஏழே உருப்படிகளை வைத்து அதைப் பெரிய வியாபாரமாக்கினார். எண்ணம் நல்லதுதான். ஆனால் எனக்கு வந்த பட்டியலில் நான் இல்லை. காலரைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்த அதே ஆள், காலரை மறந்துவிட்டு ஒரு பொதுப் பட்டியலை நீட்டினார். சந்தேகம் வந்து, இதே சேவைக்குப் போன அலுவலக நண்பரிடம் அவருடைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 22இல் 19 அப்படியே அச்சு. அவர் ஆறடி உயரம், ஒல்லி, வயது 29.

வெள்ளைச் சட்டை மட்டும் பட்டியலுக்கு மரியாதை கொடுத்து வாங்கினேன். நான்கு மாதத்தில் அக்குள் மஞ்சளாகிவிட்டது. வியர்வை மட்டும் காரணமில்லை, டியோடரண்டில் வரும் அலுமினிய உப்பு வியர்வையோடு கலந்து துணியில் ஏறும் கறை அது. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சள் ஏறும் என்பதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். பட்டியலில் இருந்து வாங்கியவை மொத்தம் நான்கு. இன்று உபயோகத்தில் இருப்பது பெல்ட்.

நான்காம் நாளுக்கு முன்னால், வைத்துக்கொள்வதாக முடிவு செய்த துணிகளில் ஆல்ட்டர் செய்ய வேண்டியவற்றைச் சேவையின் தையல் ஆளுக்கு அனுப்பினார்கள். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று ஆலோசகர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஃபார்மல் பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலுக்குள் கூடுதல் துணி மடித்து விட்டிருப்பார்கள், பிரித்துவிட்டால் இடுப்பு பெரிதாகும். ஜீன்ஸில் அந்த வசதி கிடையாது. சட்டையின் பக்கங்களைப் பிடித்துத் தைக்கலாம், பிரித்துப் பெரிதாக்க முடியாது. தோளைத் தொடவே கூடாது, தோளை மாற்றுவது என்றால் கையைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், புதுச் சட்டை தைக்கும் வேலை. பேன்ட்டைப் பிரித்துவிட்டால் பழைய தையல் இருந்த கோடு வெளுக்காமல் தனியாகத் தெரியும், கறுப்பிலும் அடர்நீலத்திலும் இன்னும் பட்டவர்த்தனமாக. இதை முன்கூட்டியே சொல்லி எச்சரித்ததற்கு நன்றி.

தைத்து வந்த ஆறில் ஐந்து பிரமாதம். கரி நிறச் சட்டையின் முதுகில் இரண்டு டார்ட், அதாவது தொளதொளப்பைக் குறைக்க உள்ளே மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்திருந்தார்கள். கூடாரம் மாதிரி நின்றது இப்போது முதுகோடு இறங்குகிறது. ஆறாவதுதான் வயிற்றெரிச்சல். முதல் நாள் பாடத்துக்கு அப்புறம் ஆசையாகத் தேடி வாங்கிய பருத்தி பேன்ட். ரைஸ் சரி, இடுப்பு சரி, நிறம் துரு. நீளம் மட்டும் குறைக்க வேண்டும். தண்ணீரில் ஒருமுறைகூட நனைக்காமல், கால் அடியை வெட்டி, ஓரம் மடித்து அடித்து, மிச்சத் துணியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இரண்டு சலவையில் முக்கால் அங்குலம் ஏறிவிட்டது. நிற்கும்போது பரவாயில்லை. உட்கார்ந்தால் காலுறைக்கு மேலே ஒரு பட்டை கால் தெரிகிறது.

நெசவில் இழுத்துப் பிடித்த நூல், நனைந்ததும் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்பும். பருத்தி சுருங்குவது அதனால்தான். இதைத் துணியாக இருக்கும்போதே இயந்திரத்தில் அழுத்திச் சுருக்கிவிடும் முறையை 1930 வாக்கில் சான்ஃபோர்ட் க்ளூயெட் உருவாக்கினார். சான்ஃபரைஸ்டு என்று துணியில் முத்திரை பார்த்திருப்பீர்கள், அவர் பெயர்தான். அப்படிச் சுருக்கிய துணி அதன்பின் அதிகம் ஏறாது. என் பேன்ட் அந்த ரகம் இல்லை. முதலில் துவை, அப்புறம் வெட்டு, வெட்டினாலும் உள்ளே ஓர் அங்குலம் மடித்து விடு. தையல் பழகுகிறவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவது இது. புகார் செய்தேன். "அடுத்த பேக்கேஜில் கழித்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. அடுத்த பேக்கேஜ் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது முக்கால் அங்குலம்.

போடுவதை நிறுத்தவில்லை, வீட்டில் போடுகிறேன்.

ஒன்பது மாதக் கணக்கு இது. அலமாரியில் இப்போது மேலுக்கு 19, கீழுக்கு 6. புதிதாக வாங்கியவை குறைவு, பெரும்பாலும் அந்த ஏழின் சொந்தக்காரர்கள்: பிளெயின், அடர் நிறம், சொரசொரப்பு. லினன் கலந்தவை கசங்கும். அந்த இழைக்கு மீளும் தன்மை கம்மி, மடித்த இடத்தில் மடிந்தே நிற்கும். இஸ்திரி போட்டு அரை மணி நேரத்தில் கசங்கிய சட்டையோடு முதல் மீட்டிங்குக்குப் போனபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டாம் மீட்டிங்கில் மறந்துவிட்டேன். கை மடித்துவிட்டுக்கொள்ளும் பழக்கம் கல்லூரியோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன், அது திரும்பி வந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு. காலையில் என்ன போடுவது என்று நிற்பதில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். முன்பும் நின்றதில்லை, இருட்டில் கைக்கு வந்ததைப் போட்டேன். இப்போது கைக்கு எது வந்தாலும் எனக்கு அளவாக இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

யாருக்கு இந்தச் சேவை? உடம்பு மாறியது தெரிந்தும் டேப் எடுத்து அளக்கத் துணியாதவர்களுக்கு. என்னைப் போல. மூன்றாம் மனிதர் ஒருவர், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், "39" என்று சொல்லி எழுதிக்கொள்ளும்போது அது வெறும் எண்ணாகிவிடுகிறது. அதற்கு நான் கொடுத்த கட்டணம் தகும். முதல் நாளை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். நான் கேட்டபோது மாட்டோம் என்றார்கள், உங்களுக்காவது கொடுத்தால் சரி. மற்ற மூன்று நாளுக்கும் வெளிச்சமான ஜன்னலும், தண்ணீர் வாளியும், பொறுமையான தையல்காரர் ஒருவரும் போதும்.

தையல்காரர் என்றதும் கரும்பச்சைச் சட்டை நினைவுக்கு வருகிறது. ஆலோசகர் அதைப் போக வேண்டிய குவியலில் போட்டார், நான் எடுத்து ஒளித்துவைத்தேன். எங்கள் குடும்பத்துக்குப் பல வருடமாகத் தைக்கும் பெரியவரிடம் போன வாரம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காலரை விரலால் நீவிப் பார்த்தார். "உள்பக்கம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும், நையாத பக்கம் மேலே வரும். முழங்கையை என்ன செய்வது என்று கேட்டேன். கையைப் பாதியில் வெட்டி அரைக்கையாக்கிவிடலாம் என்றார். வேண்டாம், எனக்கு மடித்துவிட வேண்டும் என்றேன். ஒரு நிமிடம் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டையின் அடியில் உள் மடிப்பைப் பிரித்து அதிலிருந்து ஒட்டுக்குத் துணி எடுக்க முடியுமா என்று அளக்க ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.